மொராக்கோ: எத்தனை பேரு, என்ன பேசுறாங்க, யாரோட பேசுறதே இல்ல – அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொஞ்ச காலம் கேசபிளாங்கால வேலை பார்த்துட்டு வந்தேன், அதுல இருந்து யாரை பார்த்தாலும் அதே பத்து பன்னெண்டு கேள்விதான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதி வெச்சிடுறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், அந்த ஊர்ல தலை எண்ணுறது, பேசுற மொழி, பக்கத்து நாட்டோட சண்டை இது மூணும் ஒரே முடிச்சு, ஒண்ணை இழுத்தா மத்த ரெண்டும் சேர்ந்து வரும்.

மொத்தம் எத்தனை பேரு இருக்காங்க?

2024 செப்டம்பர்ல எடுத்த சென்சஸ் படி 3 கோடியே 68 லட்சம். 2014ல 3 கோடியே 38 லட்சமா இருந்துச்சு. சுதந்திரம் கிடைச்ச பிறகு 1960ல முதல்முறையா எண்ணினப்போ வெறும் 1 கோடியே 16 லட்சம்தான், அதாவது அறுபத்து சொச்சம் வருஷத்துல மூணு மடங்கு. நூத்துக்கு கிட்டத்தட்ட 63 பேரு டவுன்லதான் இருக்காங்க, கேசபிளாங்கா ஒரு ஊர்ல மட்டுமே 32 லட்சம் பேரு. தலைநகரம் கேசபிளாங்கான்னு நினைச்சுட்டு இருக்கறவங்க ஏகப்பட்ட பேரு, இல்லங்க, தலைநகரம் ரபாத்.

இந்த 3.68 கோடிலயே ஒரு அரசியல் ஒளிஞ்சிருக்கு. தெக்கால மேற்கு சஹாராவுல இருக்கற ஜனங்களையும் சேர்த்துதான் அவங்க எண்றாங்க. அது எங்க நிலம்தான்னு மொராக்கோ சொல்லுது, ஐநா லிஸ்ட்ல அது இன்னும் முடிவாகாத பகுதி. அதனால இந்த நம்பரை எடுத்து எழுதுறப்போ கொஞ்சம் பார்த்து எழுதுங்க. அதைப்பத்தி கீழ பெருசா சொல்றேன்.

முஸ்லிம் நாடு, அப்ப நிறைய குழந்தை பெத்துக்குவாங்கல்ல?

இல்ல. இது பழைய கதை. 1960கள் தொடக்கத்துல ஒரு பொண்ணுக்கு சராசரியா 7 குழந்தைக்கு மேல, 2024 சென்சஸ்ல அது 1.97. மக்கள் தொகை குறையாம அப்படியே நிக்கணும்னா 2.1 வேணும்னு சொல்வாங்க, அதுக்கும் கீழ போயிடுச்சு. ஒரு வீட்டுல சராசரியா நாலு பேரு கூட இல்ல, 3.9. அறுபது தாண்டினவங்க 50 லட்சம் ஆயிட்டாங்க. பொண்ணுங்க படிச்சாங்க, கல்யாணம் தள்ளிப்போச்சு, டவுன்ல வாடகை ஏறிடுச்சு, எல்லா ஊர்லயும் நடக்கற அதே கதைதான். என் ஆபீஸ்ல இருந்த ஒருத்தர் கூடப்பிறந்தவங்க ஒன்பது பேரு, அவருக்கு ஒரே ஒரு பொண்ணு. இன்னொண்ணு பெத்துக்கலையான்னு அவங்க அம்மா வாராவாரம் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாட்டுல கேப்பாங்களாம்.

அவங்க அரபிக்காரங்களா, ஆப்பிரிக்கக்காரங்களா?

இதை அங்க போய் கேட்டுடாதீங்க, ராத்திரி பூரா பேசுவாங்க. சுருக்கமா சொல்றேன். அந்த மண்ணுல முதல்ல இருந்தே இருக்கறவங்க அமாசிக் ஜனங்க, வெளியில 'பெர்பர்'னு சொல்வாங்க, அந்த பேரு அவங்கள்ல பல பேருக்கு பிடிக்காது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுல அரபிங்க வந்தாங்க, இஸ்லாம் வந்துச்சு, மொழி மெதுவா மாறிச்சு. இப்ப அரபி பேசுற நிறைய குடும்பத்துக்கு ரத்தம் அமாசிக்தான். அதுக்கு மேல ஸ்பெயின்ல இருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்கள், யூதர்கள், சஹாராவுக்கு தெக்க இருந்து அடிமையா கொண்டுவரப்பட்டவங்க வம்சம், எல்லாம் கலந்த குழம்பு.

எனக்கு அரபி தெரியும், துபாய்ல பத்து வருஷம் இருந்தேன். சமாளிச்சுடலாமா?

சமாளிக்க முடியாது, முதல் வாரமே அழுதுடுவீங்க. அங்க பேசுறது தாரிஜா, அதாவது மொராக்கோ பேச்சு அரபி. நூத்துக்கு 92 பேரு பேசுறது அதுதான். உயிரெழுத்து எல்லாத்தையும் முழுங்கிட்டு மெய்யெழுத்தை மட்டும் துப்புற மாதிரி இருக்கும். எகிப்துக்காரர் பேசுனா மொராக்கோகாரருக்கு புரியும், ஏன்னா சின்ன வயசுல இருந்து எகிப்து சினிமா பார்த்து வளர்ந்திருக்காங்க, ஆனா இவரு பேசுனா அவருக்கு பாதி புரியாது. வளைகுடாவுல ரெண்டுக்கு 'இத்னைன்'ம்பாங்க, இங்க 'ஜூஜ்'. 'நிறைய'ன்னா 'பிஸ்ஸாஃப்', 'சரி'ன்னா 'வாஹா'. வாரத்துக்கு 'சிமானா', காருக்கு 'தோமோபீல்', இதெல்லாம் ஸ்பானிஷ், பிரெஞ்சுல இருந்து வந்தது. சமையல்கட்டுக்கு என்ன சொல்வாங்க தெரியுமா, 'குசீனா'. நம்ம பாட்டிங்க சொன்ன 'குசினி'யேதான்! நம்மகிட்ட அது போர்ச்சுகீஸ்காரன் விட்டுட்டுப் போனது, அவங்ககிட்ட பக்கத்துல இருந்த ஐபீரியாக்காரன் விட்டுட்டுப் போனது, மூலம் ஒண்ணுதான்.

எழுதுறது வேற கதை. நியூஸ், கோர்ட், பாடபுத்தகம், பள்ளிவாசல் எல்லாம் செந்தரமான அரபி, வீட்டுல யாருமே அதை பேசுறது இல்ல. நமக்கு இது புரியும், மேடையில ஒரு தமிழ் வீட்டுல ஒரு தமிழ்னு வாழறவங்கதானே, ஆனா அங்க அந்த இடைவெளி இன்னும் பெருசு. பசங்க போன்ல தாரிஜாவை ஆங்கில எழுத்துலதான் தட்டுவாங்க, அதுல இல்லாத ஒலிக்கு 3, 7, 9ன்னு நம்பர் போடுவாங்க. முதல் தடவ அந்த மெசேஜை பார்த்துட்டு ஓடிபி அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன்.

இன்னொரு கூத்து. எங்க தெருமுனையில ஒரு சின்ன மளிகைக்கடை, அங்க அதுக்கு 'ஹானூத்'னு பேரு, கடைக்காரர் தெக்க இருக்கற சூஸ் பக்கத்து ஆளு. கேசபிளாங்காவுல இந்த மாதிரி கடைல பாதிக்கு மேல சூஸ்காரங்கதான்னு சொல்வாங்க, கடைசி பைசா வரைக்கும் கணக்கு வெப்பாங்கன்னு கிண்டலும் உண்டு. நான் ஒரு பால் பாக்கெட்டும் ரொட்டியும் எடுத்துட்டு எவ்ளோன்னு கேட்டேன், 'மியாத் ரியால்'னாரு. நூறு ரியால்! கையில இருந்தது திர்ஹாம். ரியால்னு ஒரு நோட்டும் கிடையாது காசும் கிடையாது, பழைய கணக்கு வாயில மட்டும் உயிரோட இருக்கு, 20 ரியால் ஒரு திர்ஹாம், ஆக 5 திர்ஹாம்தான் கேட்டிருக்காரு. நான் முழிக்கறத பார்த்துட்டு பிரெஞ்சுல 'சாங்க்'னு விரல் விரிச்சு காட்டினாரு, உள்ள திரும்பி தம்பிகிட்ட அவங்க அமாசிக் பேச்சான தஷல்ஹித்ல ஏதோ சொன்னாரு, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ஒரு ரொட்டிக்கு மூணு மொழி.

அந்த அமாசிக் மொழி எத்தனை பேரு பேசுறாங்க?

சென்சஸ் சொல்றது நாலுல ஒருத்தர், 24.8 சதவீதம். அதுலயும் மூணு வகை இருக்கு. தெக்க அகாடிர், சூஸ் பக்கம் தஷல்ஹித், நடு அட்லஸ் மலைல தமாசிக்த், வடக்க ரிஃப் மலைல தரிஃபித். ரிஃப்காரரும் சூஸ்காரரும் அவங்கவங்க பேச்சுல பேசுனா ஒருத்தருக்கொருத்தர் கஷ்டப்படுவாங்க, கடைசில தாரிஜாவுக்கு இறங்கிடுவாங்க. இந்த 24.8ஐ அமாசிக் அமைப்புங்க ஒத்துக்கறது இல்ல, எங்களை குறைச்சு எண்ணுறீங்கன்னு ஒவ்வொரு சென்சஸுக்கும் சண்டை நடக்கும்.

கோவம் நியாயம்தான். 2010 வரைக்கும் குழந்தைக்கு அமாசிக் பேரு வெக்கப் போனா பதிவு ஆபீஸ்ல 'இது மொராக்கோ பேரு இல்ல'ன்னு திருப்பி அனுப்பின சம்பவங்கள் எல்லாம் நடந்திருக்கு. 2001ல ராஜா ஆறாம் முகமது இந்த மொழிக்குன்னு ஒரு நிறுவனத்தை ஆரம்பிச்சாரு, 2003ல எந்த எழுத்துல எழுதறதுன்னு பெரிய அடிதடி, மதக்கட்சிங்க அரபி எழுத்துன்னாங்க, ஆர்வலர்கள் நிறைய பேரு லத்தீன் எழுத்துன்னாங்க, கடைசில ரெண்டும் வேணாம்னு பாலைவனத்துப் பழைய எழுத்தான டிஃபினாக்கை எடுத்தாங்க. வட்டம், கோடு, புள்ளின்னு கோலம் மாதிரி இருக்கும். 2011 அரசியல் சட்டத்துல அரபியோட சேர்த்து ஆட்சிமொழி ஆக்கிட்டாங்க. இப்ப எந்த அரசு கட்டடத்து போர்டை பார்த்தாலும் அரபி, டிஃபினாக், கூட பிரெஞ்சு. ஆனா அந்த டிஃபினாக்கை படிக்கத் தெரிஞ்சவங்க எண்ணிக்கை ரொம்ப ரொம்ப கம்மி, பேசுறவங்களே படிக்க மாட்டாங்க. 2024ல இருந்து அமாசிக் புத்தாண்டு ஜனவரி 14க்கு அரசு விடுமுறையும் உண்டு. பொங்கல் சமயத்துல அங்கயும் லீவு, எனக்கு அது ஒரு தனி சந்தோஷம்.

பிரெஞ்சுக்காரன் 1956லயே போயிட்டான், இன்னும் ஏன் பிரெஞ்சு?

ஏன்னா நல்ல வேலை அதுல இருக்கு. 1912ல இருந்து 1956 வரைக்கும் பிரான்ஸும் வடக்குல ஸ்பெயினும் பங்கு போட்டு ஆண்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் ஸ்கூலை எல்லாம் அரபிக்கு மாத்துனாங்க, ஆனா காலேஜ்ல சயின்ஸ், மெடிசின், இன்ஜினியரிங் பிரெஞ்சுலயே விட்டுட்டாங்க. பன்னெண்டு வருஷம் கணக்கை அரபில படிச்ச பையன் காலேஜுக்கு போன முதல் நாளே ஒண்ணும் புரியாம முழிப்பான், பணக்காரன் வீட்டுப் பையன் பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சு ஜாலியா தாண்டிடுவான். 2019ல சட்டம் போட்டு ஸ்கூல்லயே சயின்ஸை மறுபடி பிரெஞ்சுக்கு தள்ளுனாங்க, பயங்கர எதிர்ப்பு. பசங்களோ இங்கிலீஷ் பக்கம் சாயுறாங்க, 2023ல இருந்து நடுநிலை வகுப்புலயே இங்கிலீஷ் வருது. பிரான்ஸ் மேல கோவம் வர்ற வருஷம் இங்கிலீஷ் பேச்சு கூடும், இதை நான் கண்ணால பார்த்தேன்.

அங்க யூதர்களும் இருக்காங்களாமே?

1948ல சுமார் 2.5 லட்சம் பேரு இருந்தாங்க, அரபு நாடுங்கள்ல அது பெரிய கூட்டம். இஸ்ரேல், பிரான்ஸ், கனடான்னு போயிட்டாங்க, இப்ப சில ஆயிரம்தான். ஆனா போனவங்க உறவை விடல, ரப்பின்னு சொல்ற பழைய யூத குருமாருங்க சமாதிக்கு வருஷா வருஷம் விமானம் ஏறி வர்றாங்க. 2011 அரசியல் சட்டத்தோட முன்னுரைல நாட்டோட அடையாளத்துக்கு ஹீப்ரூ ஓடையும் ஒண்ணு சேர்ந்ததுன்னு எழுதியே வெச்சிருக்காங்க, இஸ்லாமிய நாடுகள்ல இது அபூர்வம்.

வெளிநாட்டுல எத்தனை மொராக்கோகாரங்க?

சுமார் 50 லட்சம்னு சொல்றாங்க. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கார் மேல சைக்கிள், மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் கட்டி ஸ்பெயின் வழியா கப்பல்ல வந்து இறங்குவாங்க, துறைமுகமே திருவிழா மாதிரி இருக்கும். 2022 கால்பந்து உலகக் கோப்பைல செமி ஃபைனல் போன முதல் ஆப்பிரிக்க டீம் இவங்கதானே, அந்த 26 பேர்ல 14 பேரு வெளிநாட்டுல பிறந்தவங்க. அந்த டீம்ல ஆடுன ஹக்கிமி பிறந்தது ஸ்பெயின்ல, மாட்ரிட்ல.

மேற்கு சஹாரா பிரச்சனை என்னன்னு ஒரு தடவ தெளிவா சொல்லுங்களேன்?

சொல்றேன், இது புரியலன்னா மொராக்கோவோட வெளியுறவு ஒண்ணுமே புரியாது. ராஜாவே 2022 பேச்சுல சொன்னாரு, உலகத்தை நாங்க பார்க்கற கண்ணாடி சஹாராதான்னு.

அது 2.66 லட்சம் சதுர கிலோமீட்டர் பாலைவனம், ஸ்பெயினோட காலனியா இருந்துச்சு. 1975ல ஸ்பெயின் கிளம்பப் போகுதுன்னு தெரிஞ்சதும் மொராக்கோ நம்மளோடதுன்னு சொன்னது. அந்த அக்டோபர்ல சர்வதேச நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, சுல்தானுக்கும் அங்க சில கூட்டத்துக்கும் விசுவாச உறவு இருந்திருக்கு, ஆனா அதுக்காக நிலம் உங்களோடதுன்னு ஆகாது, மக்கள்தான் முடிவு பண்ணணும். இரண்டாம் ஹசன் ராஜா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாரு. நவம்பர் 6ஆம் தேதி 3.5 லட்சம் பேரு குர்ஆனும் கொடியும் ஏந்தி எல்லைய தாண்டி நடந்தாங்க, பசுமைப் பேரணின்னு பேரு. 1976ல ஸ்பெயின் போயிடுச்சு, அந்த ஊர் ஜனங்களான சஹ்ராவிகளோட விடுதலை இயக்கம் பொலிசாரியோ தனிநாடு அறிவிச்சது, அல்ஜீரியா அவங்களுக்கு திண்டூஃப்ல இடம் கொடுத்தது, பதினஞ்சு வருஷம் சண்டை. மொராக்கோ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்சுவர் எழுப்பி கண்ணிவெடி புதைச்சு வெச்சிருக்கு, சுமார் 80 சதவீத நிலம் அவங்க கையில.

1991ல ஐநா வந்து சண்டை நிறுத்தம், வாக்கெடுப்பு நடத்துவோம்னாங்க. இன்னிக்கு வரைக்கும் நடக்கல. ஏன் தெரியுமா, யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ண முடியல! 1974ல ஸ்பெயின் எண்ணின பழைய லிஸ்ட்ல சுமார் 74,000 பேருதான். அந்த லிஸ்ட் மட்டும்தான்னு பொலிசாரியோ, வடக்க வந்து குடியேறின சஹ்ராவிகளும் வேணும்னு மொராக்கோ. ஆளாளுக்கு கூட்டிட்டு வந்த கிழவருங்களை உக்கார வெச்சு உங்க தாத்தா யாரு, எந்த குலம்னு வருஷக்கணக்கா விசாரிச்சாங்க, ஒண்ணும் தேறல. தலை எண்ணுறதுல நின்னுபோன சண்டை இது.

2007ல மொராக்கோ தன்னாட்சி தர்றோம், தனிநாடு கிடையாதுன்னு ஒரு திட்டம் கொடுத்துச்சு. 2020 நவம்பர்ல சண்டை நிறுத்தம் உடைஞ்சது. அடுத்த மாசமே டிரம்ப் மொராக்கோ இறையாண்மையை அங்கீகரிச்சாரு, 2022ல ஸ்பெயின் தன்னாட்சி திட்டத்துக்கு தலையாட்டுச்சு, 2024 ஜூலைல பிரான்ஸ், 2025ல பிரிட்டன். 2025 அக்டோபர் 31 பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 2797 அந்த தன்னாட்சி திட்டத்தையே பேச்சுவார்த்தைக்கு அடிப்படைன்னு சொல்லிடுச்சு, 11 ஓட்டு ஆதரவு, ரஷ்யா சீனா பாகிஸ்தான் ஒதுங்கிட்டாங்க, அல்ஜீரியா ஓட்டே போடல. மொராக்கோ ஜெயிச்சுட்டு வருதுங்கறது உண்மை. ஆனா ஐம்பது வருஷமா திண்டூஃப் கூடாரத்துல பிறந்து அங்கயே கிழவனானவங்ககிட்ட யாரும் கேக்கல, அதுவும் உண்மை.

அல்ஜீரியாவோட அப்படி என்ன பகை? ரெண்டும் ஒரே மாதிரி ஜனங்கதானே?

ஒரே மாதிரிதான், அதான் வயித்தெரிச்சல். 1963லயே எல்லைக்காக ஒரு சண்டை, மணல் போர்னு பேரு. அப்புறம் சஹாரா. 1994ல மராகெஷ் ஓட்டல்ல தாக்குதல் நடந்ததும் மொராக்கோ அல்ஜீரியர்களுக்கு விசா போட்டுச்சு, அல்ஜீரியா கோவத்துல தரை எல்லைய மூடுச்சு, இன்னும் திறக்கல. 2021 ஆகஸ்ட்ல தூதரக உறவையே முறிச்சுட்டாங்க, அடுத்து வான்வழி மூடல், அக்டோபர் கடைசில மொராக்கோ வழியா ஸ்பெயினுக்கு போன கேஸ் பைப்பையும் நிறுத்திட்டாங்க. 1989ல வட ஆப்பிரிக்க நாடுங்க சேர்ந்து ஆரம்பிச்ச மக்ரிப் யூனியன் பேருக்கு மட்டும் இருக்கு.

அல்ஜீரியா எல்லையோரம் உஜ்தாங்கற ஊர் பக்கத்துல இருக்கற பழைய செக்போஸ்ட்டுக்கு பேரு 'ஜூஜ் ப்கால்', ரெண்டு கோவேறு கழுதைன்னு அர்த்தம். காலியா கிடக்கு. அங்கிருந்து வடக்க கடல் பக்கம் சயீதியா போற ரோட்டுல பைன் லஜ்ராஃப்னு ஒரு இடம், நடுவுல சின்ன ஆத்து பள்ளம், ரெண்டு பக்கமும் வேலி, ரெண்டு பக்கமும் கொடி. லீவு நாள்ல இந்தப் பக்கம் கார் நிறுத்திட்டு குடும்பமா நிப்பாங்க, அந்தப் பக்கமும் நிப்பாங்க. நான் போனப்போ ஒரு அம்மா துப்பட்டாவை கழட்டி ஆட்டிக்கிட்டே 'லாபாஸ்? லாபாஸ்?'னு கத்திட்டு இருந்தாங்க, நல்லாருக்கியான்னு. எதிர்ல இருந்தது தங்கச்சியாம். கல்லெறியுற தூரம்தான், ஆனா போய் பார்க்கணும்னா துனிஸ் சுத்தி ஃப்ளைட் எடுக்கணும்.

2023 செப்டம்பர் நிலநடுக்கத்துல கிட்டத்தட்ட 3,000 பேரு செத்தப்போ அல்ஜீரியா உதவி அனுப்பறேன்னு சொல்லுச்சு, மொராக்கோ வாங்கல. பிரான்ஸ்கிட்டயும் அப்ப மனஸ்தாபம், அதையும் வாங்கல. ஸ்பெயின், பிரிட்டன், கத்தார், எமிரேட்ஸ் நாலு பேரோட மீட்புக் குழுவை மட்டும் விட்டாங்க. இடிபாட்டுல ஆளு கிடக்கும்போதும் அந்த சஹாரா கண்ணாடியை கழட்டலையேன்னு எனக்கு ஆதங்கம்.

ஸ்பெயின் ஆப்பிரிக்காவுல இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

உண்மைதான். சியூட்டா, மெலில்லான்னு ரெண்டு ஊர் மொராக்கோ கரையில ஸ்பெயின் கையில இருக்கு, மெலில்லா 1497ல இருந்து. மொராக்கோ எங்க ஊருங்குது, ஸ்பெயின் பேச்சுக்கே இடமில்லங்குது. 2002ல ஆடு மேயற பெரெகில்ங்கற குட்டி பாறைத் தீவுக்கு ரெண்டு நாடும் படை அனுப்பினாங்க! 2021ல பொலிசாரியோ தலைவருக்கு ஸ்பெயின் ஆஸ்பத்திரில வைத்தியம் பார்த்தாங்கன்னு கோவம், அந்த மே மாசம் எல்லைக் காவலை தளர்த்தினதும் ரெண்டு நாள்ல சுமார் 8,000 பேரு நீந்தியும் நடந்தும் சியூட்டாவுக்குள்ள போயிட்டாங்க. அப்படி இருந்த ரெண்டு நாடும் போர்ச்சுகலும் சேர்ந்து 2030 உலகக் கோப்பை நடத்தப் போறாங்க.

அமெரிக்கா, இஸ்ரேலோட?

அமெரிக்காவோட ரொம்ப பழைய சிநேகம். 1777லயே சுல்தான் மூணாம் முகமது அமெரிக்கக் கப்பல்களுக்கு துறைமுகத்தை திறந்தாரு, 1786ல ஒப்பந்தம். 2020 டிசம்பர்ல சஹாரா மொராக்கோவோடதுன்னு டிரம்ப் அங்கீகரிச்ச அதே நாள்தான் இஸ்ரேலோட உறவுன்னு அறிவிச்சாங்க, கொடுத்து வாங்கினதுன்னு எல்லாருக்கும் தெரியும். காஸா போருக்கு அப்புறம் ரபாத், டாஞ்சியர் தெருவுல பெரிய பெரிய பேரணி, ஆனா அரசு உறவை முறிக்கல. பாலஸ்தீனத்துக்காக தெருவுல கத்திட்டு வர்ற அதே ஆளு சஹாரா நம்மளோடதுன்னும் சொல்வாரு, ரெண்டும் ஒரே நெஞ்சுல.

ஆப்பிரிக்க யூனியன்ல இருக்காங்களா?

தனிநாடுன்னு சொல்ற சஹ்ராவிகளை சேர்த்துக்கிட்டாங்கன்னு 1984ல இந்த யூனியனுக்கு முன்னாடி இருந்த பழைய அமைப்பை விட்டு வெளிய வந்தாங்க. வெளிய நின்னா ஒண்ணும் நடக்காதுன்னு 2017ல திரும்பிட்டாங்க, இப்ப ரெண்டு பேரும் ஒரே ஹால்ல உக்காந்திருக்காங்க.

இந்தியாவோட என்ன சம்பந்தம்?

வயல்ல போடற டிஏபி உரம், அதுக்கு பாஸ்பேட் வேணும். உலகத்துல இருக்கற பாஸ்பேட் இருப்புல சுமார் 70 சதவீதம் மொராக்கோ கைலதான், இந்தியா அங்கிருந்து பாஸ்பாரிக் ஆசிட், உரம் எல்லாம் பெரிய அளவுல வாங்குது. இந்தியா 1985ல சஹ்ராவி தனிநாட்டை அங்கீகரிச்சுட்டு 2000ல வாபஸ் வாங்குச்சு, அதுக்கப்புறம் உறவு ஜோரு.

பழைய சம்பந்தம் இன்னும் சுவாரஸ்யம். டாஞ்சியர்ல 1304ல பிறந்த இப்னு பதூதா நம்ம மதுரை வரைக்கும் வந்திருக்காரு. அப்ப மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீனுக்கு இவரு சகலை முறை, ஆனா மனுஷன் அந்த சொந்தத்தை பார்க்காம சுல்தான் ஜனங்களை வதைச்சதை அப்படியே எழுதி வெச்சிருக்காரு, மதுரைல அப்ப பரவின கொள்ளைநோயையும்.

யாரு முடிவு எடுக்கறது, ராஜாவா, தேர்ந்தெடுத்த அரசா?

தேர்தல், பிரதமர் எல்லாம் உண்டு, ஆனா வெளியுறவு, ராணுவம், மதம் மூணும் அரண்மனைதான். 2025 செப்டம்பர்ல 'ஜென்சி 212'னு பசங்க தெருவுக்கு வந்தாங்க, 212 அவங்க நாட்டு போன் கோடு. ஸ்டேடியம் இருக்கு ஆஸ்பத்திரி எங்கன்னுதான் கோஷம். ராஜாவை யாரும் தொடல, பிரதமரைத்தான் போகச் சொன்னாங்க.

கடைசியா, அங்க போனா 'நன்றி'க்கு என்ன சொல்றது?

எல்லா இடத்துலயும் 'ஷுக்ரன்' ஓடும். ஆபீஸ்ல 'மெர்சி'. சூஸ்காரர் கடைல மட்டும் ஒருதடவ 'தன்மீர்த்'னு சொல்லிப் பாருங்க. நான் சொன்ன அன்னிக்கு அந்த மனுஷன் சில்லறை எண்றதை நிறுத்திட்டு தம்பியை கூப்பிட்டு இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு.